வாரம் நூறு ரூபாயில் இரண்டு வார உணவுக் கையிருப்பு: குமரி மாவட்டத்துக்கான முழு வழிகாட்டி

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் காலையிலேயே ஒக்கி புயலாகிக் குமரிக் கடலில் நின்றது. கடைக்கு ஓடி நாலு மெழுகுவர்த்தி வாங்கக்கூட அது அவகாசம் தரவில்லை. ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து சாலைகளை அடைத்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது. முற்றத்துக் கிணற்றில் தண்ணீர் ததும்பினாலும் அடுக்களைக் குடம் காலிதான். கடைக்காரருக்கும் அதே கதி, ஏடிஎம்முக்கும் அதே கதி.

புயல் ஒன்றுதான் பேரிடர் என்று எண்ண வேண்டாம். தொடர்மழையில் பால்வெட்டு நின்றுபோன ரப்பர்த் தொழிலாளி வீட்டுக்கும், மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையேறிய வீட்டுக்கும், கொத்தனார் வேலை கிடைக்காத வாரத்துக்கும் இதே கையிருப்புதான் உதவும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் புயலைவிட ஆண்டுதோறும் வரும் வேலையில்லா வாரங்களுக்காகவே இதைச் செய்யலாம் என்பது என் கட்சி.

இங்கே சொல்லப்போவது நால்வர் உள்ள ஒரு வீட்டுக்கான கணக்கு. வாரம் நூறு ரூபாய் ஒதுக்கினால் ஏறக்குறைய ஐந்து மாதங்களில் இரண்டு வாரத்துக்கான உணவு சேர்ந்துவிடும். அரிசி ரேஷனில் வருகிறது என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. அரிசி முழுவதையும் கடையில் வாங்கும் வீடுகள் அதற்கேற்பத் தொகையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

படி 1: எப்போது தொடங்குவது

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தமிழ்நாட்டில் இரண்டிலும் நன்றாக நனையும் மாவட்டம் இது. தானியம் சேர்ப்பவருக்கு இது நல்ல செய்தியல்ல. ஈரக்காற்றில் பருப்பு வண்டு பிடிக்கும், கருப்பட்டி கசியும், கருவாடு பூசணம் பூக்கும். எதையும் காயவைத்து எடுத்துவைக்க நமக்கு உருப்படியாகக் கிடைக்கும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரைதான். ஏப்ரல், மே மாதங்களில் கோடைமழை எந்த மாலையில் வரும் என்று சொல்ல முடியாது.

ஆகவே ஜனவரியில் தொடங்குங்கள். மே இறுதியில் முடியுங்கள். ஜூன், ஜூலையில் அதிலிருந்து எடுத்துச் சாப்பிடுங்கள். எடுத்ததை ஆகஸ்ட், செப்டம்பரில் நிரப்பினால் அக்டோபர் மழைக்கு வீடு தயார்.

இந்தக் காலண்டர் எல்லோருக்கும் பொருந்தாது. ரப்பர் இலையுதிரும் ஜனவரி, பிப்ரவரியில் பால்வெட்டுத் தொழிலாளர்களின் கையில் காசு குறைவு. அவர்கள் பொருள் வாங்குவதை ஏப்ரலுக்குத் தள்ளிவிட்டு, அதுவரை காயவைக்கும் வேலையை மட்டும் பார்க்கலாம். மேற்குக் கடற்கரையில், அதாவது கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரை, விசைப்படகுத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடை தொடங்கும் முன், மீன்பாடு நன்றாக இருக்கும் வாரங்களிலேயே அவர்கள் சேர்த்துவிட வேண்டும்.

படி 2: எவ்வளவு வேண்டும்

ரூபாய்க் கணக்கு மாதத்துக்கு மாதம் மாறும். எடைக் கணக்கு மாறாது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரிசி 350 கிராம், பயறு அல்லது பருப்பு 75 கிராம், எண்ணெய் 30 மில்லி, நிலக்கடலை 30 கிராம், கருப்பட்டியோ சர்க்கரையோ 40 கிராம். கூட்டினால் சுமார் 2000 கலோரி வரும். விருந்து இல்லை, ஆனால் பட்டினியும் இல்லை.

நால்வருக்கு இது எப்படி வரும் என்றால்:

- மூன்று நாளுக்கு: அரிசி 4 கிலோவுக்குச் சற்று மேல், பயறு 900 கிராம், எண்ணெய் 360 மில்லி, கடலை 360 கிராம், கருப்பட்டி அரைக் கிலோ.
- இரண்டு வாரத்துக்கு: அரிசி 20 கிலோ, பயறும் பருப்பும் சேர்த்து 4 கிலோவுக்குச் சற்று மேல், எண்ணெய் 1.7 லிட்டர், கடலை 1.7 கிலோ, கருப்பட்டி அல்லது சர்க்கரை இரண்டேகால் கிலோ.

முதலில் மூன்று நாளுக்கானதைச் சேர்த்து முடியுங்கள். பிறகு ஒரு வாரம், அதன்பின் இரண்டு வாரம். இருபது கிலோ அரிசியை முதல் வாரத்திலேயே வாங்கி வைத்துவிட்டு, பயறு வாங்கக் காசில்லாமல் நிற்பது பொதுவாக நடப்பது. வெறும் சோறு இரண்டு வாரம் இறங்காது.

வீடு எங்கே இருக்கிறது என்பதும் அளவைத் தீர்மானிக்கும். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள மலைக் குடியிருப்புகளில் சாலை துண்டானால் நாள்கணக்கில் யாரும் வர முடியாது. அங்கே இரண்டு வாரம் என்பதே குறைந்தபட்சம். குழித்துறைத் தாமிரபரணிக் கரையிலும் பழையாற்றின் தாழ்வான பகுதிகளிலும் இருப்பவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப நேரலாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு குளச்சல் கடற்கரையில் யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கரையோர வீடுகளுக்கு மூட்டையைவிடப் பை முக்கியம். சிவப்பு அவல் ஒரு கிலோ, பொரிகடலை அரைக் கிலோ, கருப்பட்டி, கடலை மிட்டாய், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், இரண்டு பாட்டில் தண்ணீர், ரேஷன் அட்டை நகல் ஆகியவற்றை ஒரு பையில் கட்டிக் கதவருகே ஆணியில் மாட்டிவிடுங்கள். அதில் எதற்கும் அடுப்பு வேண்டாம்.

படி 3: என்ன வாங்குவது

பேரிடர் உணவு என்றதும் டின்னில் அடைத்ததையும் சுடுநீர் ஊற்றினால் தயாராவதையும் தேடுபவர்கள் இருக்கிறார்கள். விலையும் அதிகம், வீட்டில் வேறு நாளில் யாரும் தொடவும் மாட்டார்கள். காலாவதியாகி, ஒரு நாள் குப்பைக்குப் போகும். நம் அடுக்களையில் ஏற்கெனவே வேகிற கஞ்சியும் பயறும் போதும். பழகிய சாப்பாட்டைக் கொஞ்சம் முன்கூட்டியே வாங்குகிறோம், அவ்வளவுதான்.

அரிசி: ரேஷன் அரிசியிலிருந்து தினமும் இரண்டு பிடி எடுத்துத் தனியே போடுங்கள். இரண்டு பிடி ஏறக்குறைய 100 கிராம். மாதம் மூன்று கிலோ. ஐந்து மாதத்தில் 15 கிலோ. மீதி ஐந்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். சேமிப்புக்குத் தவிடு நீக்கிய புழுங்கலரிசியே நல்லது. சிவப்பு மட்டையரிசி சத்துள்ளதுதான். ஆனால் தவிட்டில் உள்ள எண்ணெய் ஆறு மாதத்துக்குள் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். அதை அன்றாடத்துக்கு வையுங்கள்.

பயறு: சிறுபயறுதான் ராஜா. ஊறவைத்தால் விரைவில் வேகும். ஒரு நாள் கூடுதலாக வைத்தால் முளைகட்டும். காய்கறி கிடைக்காத நாளில் அந்த முளையே காய்கறி. காணம், அதாவது கொள்ளு, மலிவு, நெடுநாள் கெடாது, ஆனால் வேக நேரமும் விறகும் கேட்கும். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பை எந்த மாதமும் விட்டுவிடாதீர்கள். அதே கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயில் பாக்கெட்டையும் கையிருப்புக்கு ஒதுக்குங்கள். தேங்காய் எண்ணெய் இல்லாமல் நமக்குச் சாப்பாடு இறங்காது என்பது உண்மைதான். விற்கிற விலையில் அதை இரண்டு லிட்டர் முடக்கி வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாளிக்க ஒரு கால் லிட்டர் போதும்.

கருப்பட்டி: நல்ல பனங்கருப்பட்டி விலை கூடியது, மலிவாகக் கிடைப்பதில் சீனிக்கலப்பு சகஜம். அரைக் கிலோ நல்லதாக வாங்கிவிட்டு மீதிக்கு ரேஷன் சர்க்கரையை வையுங்கள்.

கருவாடு: நெத்திலியும் சாளையும். கால் கிலோ கருவாடு வாரம் முழுவதும் கஞ்சிக்குத் துணை வரும். கையில் எடுத்தால் ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். வாங்கி வந்து ஒரு வெயில் காட்டி, காற்றுப்புகாத டப்பாவில் அடையுங்கள்.

உப்பு, புளி, வற்றல் மிளகாய், மஞ்சள், தேயிலை இவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வழக்கமாக வாங்குவதில் ஒரு பாக்கெட் கூடுதல். வறுத்த தேங்காய்ப் பொடியும் பருப்புப் பொடியும் ஒவ்வொரு பாட்டில் இருக்கட்டும். மின்சாரம் போன வீட்டில் மிக்ஸி வெறும் பெட்டி. பரணில் கிடக்கும் அம்மியை இறக்க யாருக்கும் தெம்பிருக்காது.

வாங்கும் வரிசை இது. முதல் வாரம் உப்பு, தீப்பெட்டிக் கட்டு, மெழுகுவர்த்தி. அடுத்து இரண்டு வாரம் சிறுபயறு. பிறகு அவல், கடலை, கருப்பட்டி, கருவாடு, காணம் என்று வாரத்துக்கு ஒன்று. இரண்டு வாரப் பணத்தைச் சேர்த்துத் தண்ணீர்க் கேனுக்குக் கொடுங்கள். மூட்டையாக வாங்க முடிந்தால் கோட்டாறு மொத்தக் கடைகளில் நாலைந்து வீட்டினர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வது லாபம். தனியாளாக இரண்டு கிலோவுக்காக பஸ் ஏறிப் போவது நட்டம்.

படி 4: நிலத்தில் இருக்கும் கையிருப்பு

பத்து சென்ட் இருந்தாலே போதும், மரச்சீனி (மரவள்ளி) நடலாம். பிடுங்கினால் இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும் கிழங்கு, பிடுங்காமல் விட்டால் மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும். இதைவிட மலிவான சேமிப்புக் கிடங்கு இல்லை. தண்ணீர் தேங்கும் இடத்தில் மட்டும் நம்ப முடியாது; இரண்டு நாள் நீர் நின்றால் அழுகத் தொடங்கும். மேட்டில் நடுங்கள்.

மண்ணைவிட்டு எடுத்தும் சேமிக்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் கிழங்கின் தோலையும் உள்தோலையும் நீக்கி, விரல் கனத்துக்கு நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரை முழுவதும் வடித்துக் கொட்டுங்கள். மரச்சீனியில் சயனைடு தரும் பொருள் உண்டு. கசப்பு இனங்களில் அது அதிகம். வடிதண்ணீரைக் கறிக்கு எடுக்கவே கூடாது. வடித்த துண்டுகளைப் பாயில் பரப்பி நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். ஒன்றோடொன்று தட்டினால் ஓடு தட்டுவது போலச் சத்தம் வர வேண்டும். அந்தப் பக்குவத்தில் டப்பாவில் அடைத்தால் அடுத்த மழை முழுவதற்கும் வரும். சமைக்கும் முன் இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரையும் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். கருவாட்டுக் குழம்போடு இதைச் சாப்பிட்டவர்களுக்குப் புயல் நாள் என்பதே மறந்துபோகும்.

சேனையை மண் தட்டி, கழுவாமல், நிழலில் காற்றோட்டமாக வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். முற்றிய தடியங்காயை, அதாவது சாம்பல் பூசணியை, காம்போடு உத்தரத்தில் கயிற்றில் தொங்கவிட்டால் அதைவிடவும் நாள் தாங்கும். ஏத்தங்காயை (நேந்திரங்காய்) சீவிக் காயவைத்துப் பொடித்தால் குழந்தைகளுக்கான கூழ் மாவு ஆயிற்று.

படி 5: எங்கே, எதில் வைப்பது

கோதுமை மாவும் ரவையும் இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் நிற்காது. வறுத்த ரவை கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அவற்றை அதிகம் சேர்க்க வேண்டாம். அரிசிக்கும் பயறுக்கும் மூடி இறுகும் எவர்சில்வர் டிரம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் குடிநீர், குளிர்பான பாட்டில்களே போதும். கழுவி, கவிழ்த்து, ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் காயவைத்து, கழுத்துவரை பயறை நிரப்பி மூடுங்கள். உள்ளே காற்று குறைவாக இருந்தால் வண்டு பெருகாது. ஒரு பாட்டிலில் வண்டு வந்தாலும் மற்றவை தப்பிக்கும். ஒரே டிரம்மில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

பருப்பையும் பயறையும் நல்ல வெயிலில் ஒரு நாள் போட்டு, சூடு முழுவதும் ஆறிய பிறகு அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். துவரம் பருப்பில் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் பிசறி வைக்கும் பழைய முறை நன்றாகவே வேலை செய்கிறது. அரிசியை உச்சிவெயிலில் போடாதீர்கள், மணி விரிசல் விட்டு நொறுங்கும். நிழலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலையும் வற்றல் மிளகாயும் இட்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை. கிடங்குகளில் தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். ஈரம் பட்டால் அது நச்சு வாயுவை விடும். பூட்டிய வீட்டுக்குள் ஆளைக் கொல்லும்.

தரையில் எதையும் வைக்க வேண்டாம். பழைய வீட்டில் பத்தாயம் (மரத் தானியப்பெட்டி) இன்னும் இருந்தால் பாக்கியம். இல்லாதவர்கள் இடுப்புயரத்துக்கு மேல் ஒரு தட்டு அடித்துக்கொள்ளுங்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே உள்ள பரண் வேண்டாம். அந்த வெக்கையில் எண்ணெயும் கடலையும் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும்.

ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு துண்டு ஒட்டுத்தாளில் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள். புதியது பின்னால், பழையது முன்னால். மாதத்தில் இரண்டு ராத்திரி கஞ்சியும் பயறும் என்று வைத்துக்கொண்டு, அதற்கான பொருளை முன்னால் இருக்கும் பாட்டிலிலிருந்து எடுத்தால் எதுவும் தேங்காது. பழைய பருப்பு கெட்டுப்போவதில்லை, ஆனால் வருடம் தாண்டினால் வேக வெகுநேரம் ஆகும். எரிபொருள் குறைவாக இருக்கும் நாளில் அது பெரிய தொல்லை.

படி 6: தண்ணீரும் தீயும்

இதைச் செய்யாமல் உணவு மட்டும் சேர்ப்பவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு நான்கு லிட்டர் என்றால் நால்வருக்கு மூன்று நாளுக்கு 48 லிட்டர். 25 லிட்டர் கேன் இரண்டு வாங்கிவிடுங்கள்.

அதற்குப் பிறகு கிணறு. மோட்டார் வந்ததும் பல வீடுகளில் கப்பியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். சிலர் கிணற்றின் வாயையே கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். ஒரு கப்பி, கிணற்றின் ஆழத்துக்குக் கயிறு, ஒரு வாளி: இந்தப் பட்டியலில் உணவு அல்லாத பொருள்களில் முதலிடம் இவற்றுக்குத்தான். கைப்பிடிச்சுவரில் மாட்டி, ஒருமுறை இறைத்துப் பார்த்துவிடுங்கள். இற்றுப்போன கயிறு புயலன்று அறுந்தால் வாளியும் போகும். வெள்ளநீர் புகுந்த கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிடாமல் குடிக்க வேண்டாம். வெள்ளம் வடிந்ததும் இறைத்துக் குளோரின் இட்ட பிறகே வழக்கமான பயன்பாடு. கடல்நீர் ஏறிய கிணற்றைக் கொதிக்கவைத்தும் பயனில்லை, உப்பு போகாது. கரையோர வீடுகளுக்குக் கேன் தண்ணீர்தான் கதி.

சமையலுக்கு இரண்டாவது சிலிண்டர் உள்ளவர்கள் அதிர்ஷ்டசாலிகள். மற்றவர்கள் ஒரு சாக்குத் தேங்காய்ச் சிரட்டையும் காய்ந்த மட்டையும் மழைபடாத இடத்தில் சேர்த்துவையுங்கள், செலவே இல்லை. மூன்று செங்கல்லும் இருக்கட்டும். பூட்டிய அறைக்குள் கரியோ சிரட்டையோ எரிக்க வேண்டாம். புகையைவிடக் கண்ணுக்குத் தெரியாத வாயு ஆபத்தானது. வெள்ளம் புகும் வீடுகளில் சிலிண்டரைத் தூணோடு கட்டுங்கள். பாதி காலியான சிலிண்டர் மிதக்கும்.

எரிபொருளை மிச்சப்படுத்த ஒரு வழி உண்டு. முதல் நாள் இரவே ஊறவைத்த அரிசியும் பயறும் ஒரு கொதி வந்து பத்து நிமிடம் வெந்ததும், பாத்திரத்தை இறுக மூடி, இறக்கி, பழைய கம்பளியில் சுற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். மீதியை உள்ளிருக்கும் சூடே வேகவைத்துவிடும்.

படி 7: ஒருநாள் ஒத்திகை

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காலை முதல் இரவு வரை கையிருப்பை மட்டும் கொண்டு சமையுங்கள். டார்ச்சுக்கு பேட்டரி இல்லை, தேங்காய் துருவ மின் துருவிதான் இருக்கிறது, பாட்டிக்குக் கடலை மெல்லப் பல் இல்லை என்பதெல்லாம் அன்று தெரியும். ஒரே நாளில் பட்டியல் திருந்திவிடும். சர்க்கரை நோயாளி இருந்தால் அரிசியில் ஒரு பகுதியைக் குறைத்துப் பயறைக் கூட்டுங்கள். மருந்து இரண்டு வாரத்துக்கு முன்கூட்டியே இருக்கட்டும். நூறு, ஐம்பது ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் பணமும் வேண்டும். நெட்வொர்க் இல்லாத நாளில் கைப்பேசியில் உள்ள பணம் காசாகாது.

படி 8: வந்துவிட்டால்

முதலில் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதைச் சாப்பிடுங்கள். திறக்காமல் வைத்தால் கீழ்த்தட்டு ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். நிறைந்த பிரீசர் இரண்டு நாள்வரை தாங்கும். பிறகு காய்கறி, கிழங்கு. அதன்பிறகே கையிருப்பைத் தொடுங்கள். அவலையும் கடலையையும் கடைசிவரை விட்டுவையுங்கள், அடுப்பு எரியாத நாள் எது என்று முன்கூட்டித் தெரியாது. உதவி தேவைப்பட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

வெள்ளநீர் பட்ட அரிசியை, மேலே காய்ந்திருந்தாலும், காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று ஆசைப்பட வேண்டாம். சாக்கடையும் கலந்து வந்த நீர் அது. திருகுமூடி பாட்டில்களின் கழுத்துவழியே அழுக்குநீர் உள்ளே போயிருக்கலாம், அவற்றையும் கொட்டிவிடுங்கள். ஆலையில் காற்றுப்புகாமல் அடைத்த டின்கள் மட்டும், துருவும் வீக்கமும் இல்லையென்றால், பிளீச்சிங் கரைசலில் கழுவித் திறக்கலாம்.

எல்லாம் ஓய்ந்து திரும்ப நிரப்பும்போது தண்ணீர்க் கேன் முதலில், உப்பும் தீப்பெட்டியும் அடுத்து, பிறகு பயறு. அரிசி கடைசியில் போதும். அடுத்த மாத ரேஷனில் வந்துவிடும்.